மூடியில் எழுதாமல் கொடுத்த பலகாரம்

ராசா,

இதை நீ ஒரே மூச்சில் வாசிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் செய்ததுபோல ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, நடுவில் ஒரு தரம் தண்ணீர் குடித்து, ஒரு தரம் கழிப்பறைக்குப் போய் வந்துதான் நீ ஒரு பக்கத்தை முடிப்பாய். அப்படியே வாசி, அவசரமில்லை. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நான் அழத் தொடங்குவேன், நீ உடனே "ஓகே அம்மா, ஓகே அம்மா" என்று என்னைத் தேற்றி வைத்துவிடுவாய். இந்த முறை நீ என்னைத் தேற்ற வேண்டாம். வாசித்து முடித்ததும் டேனியலுக்கும் சொல்லு. அவனிடம் ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை, நான் ஒளித்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு இங்கே லண்டனில் எங்கள் பள்ளிக்கூடச் சமையலறையில் எல்லோருக்கும் ஒரே சந்தோசம். அமெரிக்காவில் புது ஜனாதிபதி வென்றுவிட்டார் என்று ரேடியோவில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குக் கஸ்டர்ட் ஊற்றிக்கொண்டே நாங்களும் ஆடாத குறைதான். மூன்று மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு ஓடி வந்து, உங்களுக்கு விடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துப் போன் எடுத்தேன். "தம்பி, உங்கட ஆள் வெண்டிட்டார்!" என்று நான் கத்தியது தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் சொன்னாய், அதே வாக்குச்சீட்டில் கலிபோர்னியாக்காரரிடம் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள் என்று. ஆணும் பெண்ணும் கட்டுவது மட்டும்தான் கலியாணம் என்று சட்டத்தில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறார்கள். எழுதலாம் என்று சொன்னவர்கள்தான் எண்ணிக்கையில் கூட. "நாங்கள் தோத்துப்போனம் அம்மா. எங்கட கலியாணம் செல்லுமோ செல்லாதோ எண்டு லோயருக்கே தெரியேல்லை" என்றாய். எனக்கு அந்தக் கேள்வி அந்தச் சீட்டில் இருந்ததே நினைவில்லை. நீ எத்தனை தரம் சொல்லியிருந்தாய்! நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு பருப்புக் கழுவியிருக்கிறேன்.

அதோடு நீ இன்னொன்றும் சொன்னாய். "உங்களுக்கு லேசாப் போச்சு அம்மா. இனி நீங்கள் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை." சொல்லிவிட்டு உடனே மன்னிப்புக் கேட்டாய், நித்திரை இல்லை, அதுதான் என்றாய். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பெற்ற தாயைப் பார்த்துக் கேட்கிற கதையா இது என்று அப்பாவிடம் அரைமணி நேரம் பொரிந்து தள்ளினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவன் சொன்னதிலை பிழை எங்கை இருக்கு? அதை முதல் சொல்லும்" என்றார். பிழை எங்கே என்று தேடிப் பார்த்தேன் ராசா. கிடைக்கவில்லை.

மூன்று வருசத்துக்கு முன் நீ எங்களை முன்னறையில் இருத்தி வைத்து உண்மையைச் சொன்ன அன்றைக்கு நான் கேட்ட முதல் கேள்வி உனக்கு நினைவிருக்கும், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுகமாக இருக்கிறாயா என்று கேட்கவில்லை. அந்தப் பிள்ளை ஆர், நல்லவனா என்று கேட்கவில்லை. "வேறை ஆருக்கும் சொல்லிப்போட்டியோ?" என்று கேட்டேன். நீ இல்லை என்றாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளையின் முகம் சுருங்கியதைப் பார்த்துக்கொண்டே நிம்மதிப்பட்ட தாய் நான். அதை இன்றைக்கு வரை உன்னிடம் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

போன கோடையில் அங்கே கலியாணம் கட்டலாம் என்று கோர்ட் சொல்லிவிட்டது, ஜூலைக் கடைசியில் கட்டப்போகிறோம் என்று நீ சொன்னாய் அல்லவா? அப்போது நான் என்ன செய்தேன்? ஆடி மாதம் கூடவே கூடாது, ஆனிக்குள் வை என்று சண்டைக்கு வந்தேன். கலியாணம் என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டேன், ஆனால் ஆடியில் மட்டும் நடக்கக்கூடாது! டேனியல் அதைக் கேட்டுச் சிரித்து, பாவம், ஒரு மறுபேச்சில்லாமல் திகதியை மாற்றினான். மாற்றிய திகதிக்கும் நான் வரவில்லை. பள்ளிக்கூடம் நடக்கிறது, லீவு தரமாட்டார்கள், முழங்கால் நோகிறது என்று மூன்று காரணம் சொன்னேன். லீவு நான் கேட்கவே இல்லை. அப்பா புதுச் சூட் ஒன்று தைக்கக் கொடுத்திருந்தார், அது உனக்குத் தெரியாது. அது மாதக்கணக்காகக் கவரோடு அலுமாரிக்குள் தொங்கியது.

ஆனால் பலகாரம் சுட்டேன். ஒரே பிள்ளையின் கலியாணத்துக்குப் பலகாரச் சூடு இல்லாமல் போவதா? எங்கள் ஆட்களிடம் அது ஒரு தனிக் கொண்டாட்டம் என்று உனக்குத் தெரியும். நல்ல நாள் பார்த்து, இனசனப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு, சிரிப்பும் பகிடியுமாகச் சுட்டு அடுக்குவார்கள். நான் பஞ்சாங்கத்தில் நேரம் பார்த்தேன், பிள்ளையாருக்கு விளக்கு வைத்தேன், கதவைப் பூட்டிக்கொண்டு தனியே சுட்டேன். ஒருவரைக் கூப்பிட்டால் எதற்கு என்று கேட்பார்களே! பயத்தம் பணியாரம், சீனி அரியதரம், முறுக்கு என்று விடிய எட்டு மணிக்குத் தொடங்கியது பின்னேரம் வரை போனது. புகை அலாரம் அலற, அப்பா கதிரையில் ஏறி நின்று துவாயால் விசுக்கிக்கொண்டிருந்தார். "இவ்வளவு கள்ளமாய்ச் சுடுற பலகாரத்தை ஆர் சாப்பிடப்போகினம்?" என்று மட்டும் கேட்டார்.

பதினொரு ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு, பதினொரு வீட்டுக்கும் கொண்டுபோனேன். கலியாண வீட்டுப் பலகாரம் போக வேண்டிய வீடுகளுக்குப் போயே ஆகவேண்டும், அந்த முறையை என்னால் விட ஏலாது. எதற்கென்று சொல்வது? அதற்கும் வழி கண்டுபிடித்தேன். "மகன் அமெரிக்காவிலை வீடு வாங்கியிருக்கிறான்" என்றேன். ஒரு வீட்டில் எத்தனை அறை என்று கேட்டார்கள், மூன்று என்றேன். இன்னொரு வீட்டில் தோட்டம் இருக்கா என்றார்கள், பின்னால் எலுமிச்சை மரம் நிற்கிறது என்றேன். நீங்கள் இரண்டு பேரும் குளியலறைக் கதவு ஒழுங்காகச் சாத்தாத ஒரு வாடகை ஃபிளாட்டில் இருக்கிறீர்கள். நான் எலுமிச்சை மரம் நட்டுவிட்டு வந்தேன்! அப்பா கார் ஓட்டினார், ஆனால் ஒரு வீட்டிலும் இறங்கவில்லை. எல்லா வீட்டு வாசலிலும் எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். மனுசன் உன்னை நினைத்துத்தான் வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அப்படியே உன்னிடமும் ஒரு தரம் சொல்லிவிட்டேன், "அப்பாவுக்கு இன்னும் மனம் ஒப்பேல்லை" என்று. அது நான் செய்த பெரிய பிழை. அது ஏனென்று கீழே வரும்.

பிறகு அந்தக் குத்துவிளக்கு. ஸ்ட்ரெதமில் இருக்கிற சாந்தி அக்காவை உனக்குத் தெரியும், நாங்கள் இந்த ஊருக்கு வந்த முதல் வருசம் தன் வீட்டு மேலறையில் எங்களை வைத்திருந்தவ. பலகார டப்பாவை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அவ ஒரு சின்னப் பித்தளை விளக்கை அதற்குள் வைத்து, தம்பியின் புது வீட்டுக் குடிபூரலுக்கு என்று தந்தா. அதை நான் என்ன செய்வேன்? உனக்குப் பார்சலில் அனுப்பினேன், அவவின் கார்டை எடுத்துவிட மறந்துபோனேன். "அம்மா, சாந்தி ஆன்ட்டி ஏன் எங்கட புது வீட்டுக்கு வாழ்த்து எழுதியிருக்கிறா?" என்று நீ கேட்டாய். நான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். நீ "ஓ, ஓகே" என்றாய். அதற்குப் பிறகு இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அந்த இரண்டு கிழமைக்குப் பிறகுதான் நீ வீடு வீடாகப் போகத் தொடங்கினாய். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும், நீயும் டேனியலும் முன்பின் தெரியாதவர்களின் கதவைத் தட்டி, இது என்னுடைய கலியாணம், இதைப் பறிக்க வாக்குப் போடாதீர்கள் என்று கேட்டீர்கள். ஒருவன் நாயை அவிழ்த்துவிடுவேன் என்றானாம். ஒரு கிழவி உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தாவாம். நீ சொல்லச் சொல்ல நான், "குளிருக்கு ஜாக்கெட் போட்டியோ?" என்றேன். வாக்கெடுப்பு முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ தெரியாத ஆட்களின் கதவைத் தட்டி உண்மையைச் சொன்னாய். நான் தெரிந்த ஆட்களின் கதவைத் தட்டிப் பொய் சொன்னேன். அங்கே அத்தனை சனம் வாக்குப் போட்டு எடுத்த கலியாணம் என்ற சொல்லை, நான் ஜூனிலேயே ஒரு வாக்கும் இல்லாமல் எடுத்துவிட்டேன். அவர்களை எந்த வாயால் ஏசுவேன்?

ஆனபடியால் அடுத்த ஞாயிறு பஸ் எடுத்து ஸ்ட்ரெதமுக்குப் போனேன். சாந்தி அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா, அவன் வீடு வாங்கேல்லை. கலியாணம் கட்டினவன். டேனியல் எண்டு ஒரு பெடியனை" என்றேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தா. அரைவாசி உரித்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தா. இனி எழும்பிப் போ என்று சொல்லப்போகிறா என்றுதான் நினைத்தேன். அவவுக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் நான் நினைத்த கோபம் இல்லை. "எடி விசரி! குடிபூரலுக்கு எண்டுதானே அந்தச் சின்ன விளக்கைக் குடுத்தன்! கலியாணம் எண்டு சொல்லியிருந்தால் நான் உவ்வளவு சின்னதே குடுத்திருப்பன்? அந்தப் பிள்ளையள் என்னைப் பற்றி என்ன நினைச்சிருக்குங்கள்?" என்று பிடித்து வாங்கினா. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு இது விளங்கேல்லையடி, பொய் சொல்ல மாட்டன். ஆனா அவன் என்ரை மடியிலை இருந்து சோறு திண்ட பிள்ளை" என்றா. இரண்டு பேரும் அழுதோம். வெங்காயம் என்று சொல்லித் தப்பலாம், நான் தப்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து அடுப்பைத் தன் கையில் எடுத்தா. ஐப்பசி முடிய முன் நல்ல நேரம் ஒன்று பார்த்து, யன்னல் எல்லாம் திறந்துவிட்டு, திரும்பவும் பலகாரச் சூடு. குளிர் உள்ளே வந்து கை விறைத்தது, ஆனால் எண்ணெய் மணம் தெருமுனை வரை போகட்டும் என்று அக்கா யன்னலைச் சாத்த விடவில்லை. என் பயத்தம் பணியாரம் ஜூனில் கல்லாக இருந்தது என்று அன்றைக்குத்தான் சொன்னா! அப்பா கடைக்குப் போனார். கறுப்பு மார்க்கர் பேனை ஒன்றோடு வந்தார், கழுவினாலும் போகாததாய்ப் பார்த்துக் கேட்டு வாங்கியதாம். மேசையில் இருந்து, பதினொரு மூடியிலும் தன்னுடைய அந்த அரசாங்கக் கந்தோர்க் கையெழுத்தில் ஒரே அளவாக எழுதினார். கலியாணப் பலகாரம். அதற்குக் கீழே உன் பெயர், டேனியலின் பெயர். ஜூனில் அந்த மூடிகளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் காரில் ஏறினோம். முதல் வீட்டு வாசலில் நான் இறங்கினேன். மற்றப் பக்கத்துக் கதவும் திறந்து சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா, டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அலுமாரியில் தொங்கிய அந்தச் சூட்டைப் போட்டிருந்தார், மேலே போட்ட குளிர்க்கோட்டு மறைத்ததில் வீட்டில் நான்தான் கவனிக்கவில்லை. "அண்டைக்கு ஏனப்பா இறங்கேல்லை?" என்று கேட்டேன். "பொய் சொல்ல நான் ஏன் வரவேணும்? அவன்ரை கலியாணத்தைச் சொல்ல எண்டால் அண்டைக்கே வந்திருப்பன்" என்றார். எனக்கு அந்த நடைபாதையிலேயே இருந்து அழவேண்டும்போல இருந்தது. அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை என்று உனக்குச் சொன்னேனே, அதை இப்போதே உன் மனத்திலிருந்து எடுத்துவிடு. மனம் ஒப்பாமல் நின்றது நான். பழியை மட்டும் அந்த மனுசனில் போட்டேன்.

எல்லா வீட்டிலும் நல்ல சொல் கிடைத்தது என்று உனக்குக் கதை விட மாட்டேன். சிலர் மூடியை வாசித்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார்கள். ஒரு வீட்டில் பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார்கள். ஒரு வீட்டில் வளர்ந்த மகள் ஓடி வந்து, "ஆன்ட்டி, போட்டோ இருக்கா?" என்றாள், என்னிடம் ஒரு போட்டோவும் இல்லாதது எனக்கு வெட்கமாக இருந்தது. கடைசியாக ஹரோவுக்குப் போனோம். உன் மாமா, என் அண்ணை வீட்டைக் கடைசியாக வைத்ததே பயத்தில்தான். அண்ணை மூடியை வாசித்தார், இரண்டாம் தரமும் வாசித்தார். "தங்கச்சி, மகளுக்கு இப்ப சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம். இது வெளியிலை போனால் எங்கட கதி என்ன?" என்றார். அவர் பயம் எனக்கு விளங்காததல்ல. அதே பயத்தோடுதான் நானும் மூன்று வருசம் இருந்தேன். பிறகு அவர், "அங்கையே சனம் வேண்டாம் எண்டு வாக்குப் போட்டிட்டுது. கூடினவை சொன்னால் சரிதானே? அதுக்குப் பிறகும் நீங்கள் ஏன் கொண்டு திரியிறியள்?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்க முன் அப்பா பேசினார். உனக்குத் தெரியும், உன் அப்பா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். இலங்கையில் சிங்களச் சோதனை பாஸ் பண்ணினால்தான் கந்தோரில் மேலே போகலாம் என்று சொன்ன காலத்தில், எழுதமாட்டேன் என்று அதே கதிரையில் பதினாறு வருசம் இருந்தவர். "மச்சான், எங்கட பாஷையை எப்பிடி எடுத்தவங்கள்? பாராளுமன்றத்திலை கையை உயர்த்தித்தானே எடுத்தவங்கள்? எண்ணிப் பாத்தால் அவங்கள்தான் கூட. கூடினவன் சொன்னால் சரி எண்டால் நீரும் நானும் இஞ்சை லண்டனிலை என்ன செய்யிறம்?" குரலை உயர்த்தவில்லை. அண்ணை டப்பாவை வாங்கவில்லை. அப்பா அதை வாசலில் பால் போத்தல் வைக்கிற இடத்தில், மூடியில் எழுதியது தெரியும்படி வைத்துவிட்டுக் காரில் ஏறினார். அதற்குப் பிறகு அண்ணை கதைக்கவில்லை. மச்சாள் மட்டும் ஒரு தரம் போன் எடுத்து, அரியதரம் நல்லாயிருந்தது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டா. அண்ணை எனக்கு அண்ணைதான். கதைக்கும் வரை நான் எடுத்துக்கொண்டுதான் இருப்பேன், ஆனால் மூடியில் இருக்கிற சொல்லை அவருக்காக மாற்ற மாட்டேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். தகுதி இல்லாவிட்டாலும் சொல்வேன், தாய்க்கு அந்த வாய் போகாது. மோதிரத்தைக் கழற்றாதே. கோர்ட் என்ன சொன்னாலும் கழற்றாதே. நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு எதிராக வாக்குப் போட்ட பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கும்போது உன் அம்மாவை நினைத்துக்கொள். எங்களில் சில பேர் வெறுப்பில் செய்வதில்லை, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்து செய்கிறோம். அதனால் பிழை சரியாகிவிடாது. ஆனால் பயந்தவளிடம் நீ திரும்பவும் போய்க் கதவைத் தட்டலாம். முதல் தரம் திறக்காதவள் மூன்றாம் தரம் திறப்பாள், அதற்கு நானே சாட்சி. உங்களோடு கதவு தட்டினவர்கள் திரும்பவும் கேள்வியைச் சீட்டில் போட வைப்பார்கள், கோர்ட்டுக்கும் போவார்கள் என்று நீ சொன்னாயே, அதை விடாதே. கதவு தட்ட ஆள் குறைந்தால் எனக்குச் சொல்லு. இந்த முறை லீவு கேட்பேன். கேட்டு, தராவிட்டால் சண்டை பிடிப்பேன்.

பன்னிரண்டாவது டப்பா இந்தக் கடிதத்தோடு வருகிறது. ஜூனிலேயே உங்களுக்குத்தான் முதலில் அனுப்பியிருக்க வேண்டும், ஊருக்கெல்லாம் கொடுத்து உங்களுக்கு அனுப்பாமல் விட்ட பலகாரம் இது. பணியாரம் அக்காவின் கை, பயப்படாமல் கடிக்கலாம் என்று என் மருமகனிடம் சொல்லு. மூடியில் இருப்பது அப்பாவின் எழுத்து. தை பிறந்ததும் மாப்பிள்ளைமார் இரண்டு பேரையும் தன் வீட்டுக்கு விருந்துக்கு வரச்சொல்லிச் சாந்தி அக்கா உத்தரவு போட்டிருக்கிறா, பெரிய விளக்கும் வாங்கி வைத்துவிட்டா. டப்பாவை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று உனக்குத் தெரியும். தபாலில் போடாதே ராசா. உங்கள் கலியாணப் போட்டோ ஒன்றை அதற்குள் வைத்து, இரண்டு பேருமாகக் கொண்டுவந்து என் கையில் தாருங்கள்.

அம்மா